ஹார்ட் போட்டவள் வளையல் போடுவாளா?

பேத்திக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எனக்கோ கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்கும் கேட்டுக்கும் நடந்து நடந்து செருப்புதான் தேய்ந்தது.

"அழைப்பெல்லாம் ஆன்லைன்ல போட்டாச்சு பாட்டி. பெக்கான் நானாஸ் பாட்டிகூட ஹார்ட் போட்டிருக்காங்க," என்றாள் பேத்தி.

பெக்கான் நானாஸில் இருப்பவள் என் நாத்தனார். எங்கள் வீட்டில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் முதல் வளையல் அவள் கையால்தான். என் மருமகளுக்கும் அவள்தான் போட்டாள்.

"ஹார்ட் போட்டா வருவான்னு அர்த்தமா?"

"அய்யோ பாட்டி, பாத்துட்டாங்கன்னு அர்த்தம் லா."

பார்ப்பதற்கு என்ன? எதிர்வீட்டுப் பூனையும்தான் தினம் என்னைப் பார்க்கிறது.

அழைப்புப் போட்ட இந்த ஆப், பேத்திக்கு மூன்றாவது கடை. முதல் கடை வந்தபோது, இனி உலகமே இங்கேதான் என்றாள். தாத்தாவோடு எடுத்த படமெல்லாம் அதில் ஏற்றினாள். அப்புறம் கூட்டம் அடுத்த கடைக்கு ஓடியது, இவளும் ஓடினாள். போன மாதம் அந்தப் படங்களைக் கேட்டேன். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதாம். பசார் மாலாம், அந்த ராத்திரிச் சந்தை, கலைந்த மறுநாள் காலி ரோட்டில் நின்று அப்பம் கேட்டவள் மாதிரி ஆனேன்.

மறுநாள் மருமகளிடம், பிரஷர் மாத்திரை வாங்க கிளினிக் போகலாம் என்றேன். கார் கிளம்பியதும் பெக்கான் நானாஸ் ரோட்டைக் கை காட்டினேன்.

"அத்தை, கிளினிக் அந்தப் பக்கம்!"

"மொதல்ல போயி பிரஷர ஏத்திக்கிட்டு வருவோம். அப்புறம் மாத்திரை வாங்கலாம்."

பையில் வெற்றிலை பாக்கும் குங்குமச் சிமிழும் இருந்தன. புருஷன் போனவள் நான், குங்குமம் நீட்டக்கூடாது. அதற்குத்தான் மருமகள்.

நாத்தனார் உட்கார வைத்தாள், டீ கொடுத்தாள். வளைகாப்பைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"ஹார்ட் போட்டியாமே?"

"போட்டேன் அண்ணி. ஊருக்கே ஒட்டுன நோட்டீசுதானே அது? கட்சிக் கூட்டத்துக்கும்தான் ஹார்ட் போடறேன். போறேனா?"

மருமகள் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து சிமிழை நீட்டினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. மொத வளையல் நீங்கதான் போடணும்."

நாத்தனார் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். "பாப்போம் லா," என்றாள். அந்தப் 'பாப்போம்' வாரம் முழுக்க என்னை நடக்க வைத்தது.

வளைகாப்பன்று பேத்தி நாற்காலியில் உட்கார்ந்து போனில் நேரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். திரையில் இதயமாகப் பறந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது. நான் கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்தேன். ஒரு வழியாக நாத்தனார் கார் வந்து நின்றது.

சந்தனம் பூசிவிட்டு அவள் கண்ணாடி வளையலை எடுத்தாள். பேத்தி ஒரு கையை மட்டும் நீட்டினாள். மறு கையில் போன்.

"ரெண்டு கையும் குடுடி. போனுக்கா வளையல் போட வந்தேன்?"

பேத்தி வேறு வழியில்லாமல் போனை என்னிடம் கொடுத்தாள். "என்னையே காட்டுங்க பாட்டி!"

காட்டினேன் என்றுதான் நினைத்தேன். உலகம் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டு மின்விசிறியை என்று அப்புறம் திட்டினாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.