நெபாஹத் அண்ணி யாரையும் நம்பமாட்டாள்

எங்கள் நெபாஹத் அண்ணி முட்டையைக்கூட நம்பமாட்டாள். தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள், காதருகே ஆட்டிப் பார்ப்பாள், அப்புறம் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்துவிட்டுத்தான் சட்டியில் ஊற்றுவாள். அந்த முட்டை எங்கள் வீட்டுக் கோழி போட்டது. கோழியை வளர்த்ததே அவள்தான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "என்ன அண்ணி, கோழி மேலயே சந்தேகமா?"

"கோழி மேல இல்ல முனிரே. எடுத்துட்டு வந்த கை மேல."

எடுத்துவந்தது நான். அவள் புருஷனின் கூடப்பிறந்த தங்கை!

துருக்கிக் கரையோரத்து ஜூந்தாத் தீவில் படகுத்துறையைப் பார்த்தபடி நிற்கும் கல்வீடு எங்களுடையது. நீலக் கதவு, வாசலில் போகன்வில்லா. என் அண்ணன் ஹாலித் செத்த பிறகு அண்ணி அதைத் தங்கும் விடுதியாக்கினாள். நான் காலைச் சாப்பாடு பார்த்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அவள். இஸ்தான்புல்லிலிருந்து பணக்காரர்கள் வந்து, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைத் தடவித் தடவிப் பார்த்து, "ஐயோ, இதைப் பூசிடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்பார்கள். அண்ணி தலையாட்டுவாள். அவர்கள் மாடியேறியதும் என்னிடம் வந்து, "இடிஞ்ச சுவத்தைப் பாக்க எவனாவது காசு குடுத்து வருவானா? வேற ஏதோ இருக்கு" என்பாள். அவர்கள் கிளம்பியதும் துண்டுகளைச் சரிபார்ப்பாள். தலையணை உறையைக்கூட உதறிப் பார்ப்பாள்.

அவளுக்கு இந்தப் புத்தி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வந்ததுதான் என்பது என் எண்ணம். இந்தத் தீவில் ஒரு காலத்தில் முழுக்கக் கிரேக்கர்கள் இருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் போர் முடிந்து அவர்கள் கப்பலேறிப் போனார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் பேசிக்கொண்டிருந்த முஸ்லிம்களான எங்கள் தாத்தா பாட்டிகளை இங்கே கொண்டுவந்து காலி வீடுகளில் இறக்கினார்கள். அதனால் எங்கள் வீட்டில் தொழுகை அரபியில், அரசாங்கக் காரியம் துருக்கியில், பேச்சும் புறணியும் மட்டும் கிரேக்கத்தில். அண்ணியோ துருக்கி மட்டுமே தெரிந்த, பாலிகெசிர் பக்கத்து மலைக் கிராமத்துக்காரி, கடலையே கல்யாணத்துக்கு வந்தபோதுதான் பார்த்தாள். என் அம்மா அவள் கண்ணெதிரிலேயே, "இவளுக்கு உப்பும் போடத் தெரியல, இடுப்பும் இல்ல" என்று கிரேக்கத்தில் சொல்வாள். நான் சிரிப்பேன். அண்ணி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

இனித் தங்கத்துக்கு வருகிறேன். போன கிரேக்கர்கள் தங்கத்தைப் புதைத்துவிட்டுத்தான் போனார்கள் என்பது, எதிர்க்கரைப் படகுக்காரர்கள் சொல்லிச் சொல்லி, இங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். யாராவது கொஞ்சம் வசதியாகிவிட்டால், "அவனுக்குப் பானை கிடைச்சிருக்கு" என்பார்கள். என் அண்ணனுக்கு எண்ணெய் ஆலையில் நல்ல வேலை. விடுமுறை வந்தால் கடப்பாரையும் கையுமாகப் பின்முற்றத்துக்குப் போய்விடுவான். எத்தனை வருஷம்! எதிரில் டீக்கடை வைத்திருக்கும் சித்கி, "பைத்தியக்கார ஹாலித் இன்னைக்கு எங்க வரைக்கும் போயிருக்கான்? அந்தப் பக்கம் அமெரிக்கா தெரியுதா?" என்று கூவுவான். ஊரே சிரிக்கும். ஒரு மழைக்காலத்தில் குழியின் மண்சுவர் சரிந்து அவன் உள்ளேயே போய்விட்டான். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறபோதுகூட யாரோ பின்னால், "கடைசியா ஒரு குழி சரியா அமைஞ்சுது" என்றார்கள். என் காதில் விழுந்தது. அண்ணி காதிலும் விழுந்தது.

குழியை மூடி, பின்முற்றக் கதவைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அங்கே ஒரு கைப்பிடி மண்கூட யாரும் எடுத்ததில்லை. ஆனால் மனசுக்குள் ஒன்று வைத்திருந்தாள். என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"ஒரே ஒரு காசு போதும் முனிரே. அந்த மண்ணுல தங்கம் இருந்துச்சுன்னு ஒரு அத்தாட்சி. அதைக் கொண்டுபோய் சித்கி மேசையில வெச்சு, யாருடா பைத்தியம்னு கேக்கணும்."

"அப்போ தோண்டிப் பாத்துடலாமே அண்ணி."

"அவர் செத்த எடத்துல நான் கடப்பாரை போடுவேனா? போடி அந்தப் பக்கம்."

இந்த நிலையில்தான் ஸ்த்ராத்திஸ் வந்து சேர்ந்தார். எதிர்க்கரையில் இருக்கும் லெஸ்வோஸ் தீவுக்காரர், கப்பலில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, சின்னப் பை, தனி ஆள். கடலைப் பார்த்த நல்ல அறை காலியாக இருந்தது. அது வேண்டாமாம். கீழே பின்பக்கத்து அறைதான் வேண்டுமாம். ஒரு துண்டைக் காயப்போட்டால் வெளிச்சம் மறைந்துவிடும் அறை அது!

அண்ணிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "கடலை வேணாங்கறான். பூட்டின முற்றத்துப் பக்கம் கேக்கறான். எதுக்கு?"

"வயசானவர் அண்ணி. மாடி ஏற முடியாது."

"படகுலேருந்து துறைக்குக் குதிச்சு எறங்கினான், நான் பாத்தேன்."

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பு மாதிரி அவரைப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் நடைவழியில் நின்று சுவரைத் தட்டுவார், கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி தட்டுவார். வாசலிலிருந்து சமையலறைவரை அடி வைத்து நடந்து, வாய்க்குள் ஏதோ எண்ணுவார். தக்காளி, வெள்ளரி, ஆலிவ், ஆட்டுப் பாலாடைக்கட்டி எல்லாம் வைத்துக் கொடுத்தால் பாதியில் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பின்முற்றத்தை எட்டிப் பார்ப்பார். அண்ணி அறை பெருக்கும் சாக்கில் அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, ஓட்டமாகச் சமையலறைக்கு வந்தாள்.

"டார்ச் லைட்டு வெச்சிருக்கான் முனிரே!"

"எல்லாரும்தான் வெச்சிருப்பாங்க."

"மீட்டர் டேப்பும் வெச்சிருக்கான். எல்லாரும் மீட்டர் டேப்பு வெச்சிருப்பாங்களா? உங்கிட்ட இருக்கா? எங்கிட்ட இருக்கா?"

என்னிடம் இல்லைதான். எனக்கும் உள்ளுக்குள் குறுகுறுக்க ஆரம்பித்தது. பொய் சொல்வானேன், அவர் குடித்த காபிக் கோப்பையைக் கவிழ்த்து நானும் குறி பார்த்தேன். அடியில் படிந்த வண்டலில் பெட்டி மாதிரி ஒன்று தெரிந்தது. அண்ணியிடம் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்கதவுக்கு முன்னால் போட்டு, ஒரு கூடை பீன்ஸை நறுக்க உட்கார்ந்துவிட்டாள். பீன்ஸ் தீர்ந்ததும் பூண்டு உரித்தாள்.

சித்கி சும்மா இருப்பானா? டீத்தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டான். "என்ன அக்கா, பொக்கிஷக்காரன் வரைபடத்தோட வந்திருக்கானாமே? ஹாலித் அண்ணன் தோண்டினதுல மிச்சம் ஏதாவது இருக்கான்னு பாக்கறானா?"

"உன் டீயில தேயிலை இருக்கான்னு முதல்ல பாரு" என்றாள் அண்ணி. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்த நேரம். அண்ணி மீன்காரனோடு தராசுக்காகச் சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்தாள். பின்கதவுக்கு முன்னால் ஸ்த்ராத்திஸ் நின்றிருந்தார். ஒரு கை பூட்டின் மேல் இருந்தது.

"கையை எடு!" அண்ணி போட்ட சத்தத்தில் மேலே தங்கியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "முனிரே, இங்க வா! கேளு இவன்கிட்ட. தங்கத்துக்குத்தானே வந்தான்? எங்க புதைச்சாங்கன்னு கேளு. என் புருஷன் தோண்டின எடம் சரியா தப்பான்னு கேளு!"

அந்தக் கடைசிக் கேள்வியில் அவள் குரல் உடைந்தது. அவளுக்குத் தங்கம் வேண்டாம். அந்தப் பதில்தான் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, அவன் என் அண்ணன் இல்லையா?

நான் கிரேக்கத்தில் கேட்டேன். பெரியவர் பூட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"தங்கமா? தப்பா நினைச்சிட்டீங்கம்மா. என் அம்மா பொறந்தது இந்தக் கதவுக்குப் பின்னாடி. மீனுக்கு உப்புப் போடற கொட்டகை இருந்துச்சாம், சமையல்கட்டுச் சுவத்தோட ஒட்டி. அது எங்கன்னுதான் அளந்து அளந்து பாத்தேன்."

"அப்போ தங்கம்?"

அவர் சிரித்தார், அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "அங்க போய் எறங்கினப்போ ஊர்க்காரங்க எங்களைப் பிச்சைக்காரக் கூட்டம்னாங்க. அதனால வந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியும் தங்கம் புதைச்சா, வாயால. எங்க அம்மா ஒரு பானை புதைச்சா. நாங்க அதைக் கேட்டுக் கேட்டு வளந்தோம். சாகறதுக்கு முன்னாடிதான் சொன்னா, 'ஸ்த்ராத்திஸ், ஒரு குந்துமணி தங்கம்கூட இல்லடா. அந்த வீடே நம்மது இல்ல. வீட்டுக்காரங்க நாற்காலி முதக்கொண்டு கப்பல்ல ஏத்திட்டு முன்னாடியே போயிட்டாங்க. நம்ம கொட்டகையில மீன் கழுவிட்டு இருந்தோம்'னு."

ஒரு பானையும் இல்லை. என் அண்ணன் அத்தனை வருஷம் ஒன்றுமில்லாத மண்ணைத் தோண்டியிருக்கிறான். யாரோ ஒருத்தி மானத்துக்காகச் சொன்ன பொய்யை நம்பி உயிரை விட்டிருக்கிறான்.

"என்ன சொல்றான்?" அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடி!"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருந்துச்சாம் அண்ணி. ஒரு பானை. இங்கதானாம், கொட்டகைக்குள்ள. அண்ணன் தோண்டினது சரியான எடம்தானாம். ஆனா போன மறுவருஷமே இவரோட தாத்தா படகு கட்டிட்டு வந்து எடுத்துட்டுப் போயிட்டாராம்."

அண்ணி என் தோளை விட்டாள். பிறகு கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிப் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே செடி மண்டிக் கிடந்தது. நடுவில் மண் சற்றே மேடு தட்டியிருந்தது. இது என்ன என்று பெரியவர் கேட்டார். நான் சொன்னேன், தோண்டியது யார், எதற்குத் தோண்டினான், எப்படிப் போனான் என்று. கேட்கக் கேட்க அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அம்மா கதைக்கா?" என்றார். "இந்த அம்மாவோட புருஷன் எங்க அம்மா பொய்க்காகவா செத்தார்?" அண்ணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "மன்னிச்சிடும்மா, அது பொய்ம்மா, எல்லாம் பொய்" என்று கிரேக்கத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்னவாம்?"

"வீட்டை நல்லா வெச்சிருக்கீங்களாம் அண்ணி."

"ம்" என்றாள். போய் அவருக்கு அவள் கையாலேயே ஒரு காபி போட்டுக் கொண்டுவந்தாள்.

மத்தியானப் படகில் அவர் கிளம்பினார். துறைவரை நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் பார்வைக்கு மறைந்ததும் சித்கி தொடங்கினான். "என்ன அக்கா, கெடச்சுதா? வெறுங்கையோடதான் போறான் போலிருக்கே. பாவம், இன்னொரு ஹாலித்!"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி நேராகப் போய் அவன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"கேட்டுக்கோ சித்கி. எல்லாரும் கேட்டுக்கோங்க. தங்கம் இருந்துச்சு. அவர் தோண்டின அதே எடத்துல. இப்போ போனவனோட தாத்தா முன்னாடியே வந்து எடுத்துட்டான். அவர் பைத்தியம் இல்ல. நேரம் கெட்டவர், அவ்வளவுதான். முனிரே மொழிபெயர்த்தா, அவளைக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா" என்றேன். சித்கி டீத்தட்டைத் துடைக்க ஆரம்பித்தான். மூலையில் இருந்த வயசான மீனவர் ஒருத்தர், "பாவம்யா ஹாலித்" என்றார். அதில் கேலி இல்லை. அண்ணி திரும்பி நிமிர்ந்து நடந்தாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நம்பிவிட்டாள், நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள். முதுகைக் காட்டி நின்றுகொண்டே பேசினாள்.

"ஒரு குந்துமணிகூட இல்லைன்னாரே முனிரே அந்தப் பெரியவர்."

அது கிரேக்கம். என் செத்துப்போன அம்மாவின் கிரேக்கம், அதே இழுவை, அதே முடிப்பு.

"அண்ணி... உங்களுக்கு எப்பலேருந்து..."

"ஒரு வீட்டுல நாள் முழுக்க உன்னைப் பத்தியே பேசிட்டு இருந்தா நீ கத்துக்கமாட்டியா? ரெண்டாவது வருஷமே வந்துடுச்சு."

"அப்போ அம்மா பேசினதெல்லாம்?"

"எல்லாம்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "தெரிஞ்சும் ஏன் அண்ணி சித்கிகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

அவள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "அவரு பைத்தியம் இல்லைன்னு சொல்ல யாராவது ஒருத்தர் வரமாட்டாங்களான்னு இத்தனை வருஷமா காத்துட்டிருந்தேன். வந்தவர் இல்லாததைத்தான் தோண்டினார்னு சொல்லிட்டார். ஆனா நீ உன் அண்ணனுக்காக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னே பாரு. அதை நான் இல்லைன்னு சொல்லுவேனா?"

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் ஓவென்று அழுதோம். மேலே இஸ்தான்புல்காரர்கள் காபிக்கு மணி அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அழுது முடித்ததும் முந்தானை மாதிரி போட்டிருந்த சமையல் துணியில் மூக்கைச் சிந்திவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார் கேட்டாலும் இதையே சொல்லணும் முனிரே. ஒரு பானை, ஒரு படகு. கூட்டிச் சொல்லிடாதே. நீ கூட்டிச் சொல்லுவே, எனக்குத் தெரியும்."

"சரி அண்ணி" என்றேன், கிரேக்கத்தில்.