அண்ணன் எனக்குச் செய்த வலது கை

வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. திருவானைக்காவலிலிருந்து பஸ் பிடித்து லால்குடிக்கு வந்திருந்த அண்ணன் பட்டறை ஆள் கடை வாசலில் நின்று, "அண்ணன் போயிட்டாருங்க" என்றான். "எந்த அண்ணன்?" என்று கேட்டேன். எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன். மிச்ச வெற்றிலைக்கும் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கடையைச் சாத்தினேன்.

பட்டறைக்காரர் சங்கத்தில் அண்ணன் கோவிந்தசாமி நினைவாக ஒரு மலர் அச்சுப் போடுகிறார்களாம். "கூடப் பிறந்தவர் நீங்க, நாலு வார்த்தை நல்லபடியா எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். எழுதுகிறேன். நல்லபடியாக இருக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். நீங்கள் எல்லோரும் அவரோடு பழகியவர்கள். தம்பிக்கு வலது கை போனதும் இரும்பிலேயே ஒரு கை செய்து கொடுத்த புண்ணியவான் என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கையால் சாப்பிட உட்கார்ந்தவன் நான்.

முதலில் என் கை போன விதத்தைச் சொல்லிவிடுகிறேன். லால்குடிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். ஓடுகிற பெல்ட் அடிக்கடி கழன்றுவிடும். ஒருவர் அதைச் சக்கரத்தில் மாட்ட, இன்னொருவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார். மாட்டி முடித்ததும் சுவிட்சுக்காரர் "விடவா?" என்று கத்திக் கேட்க வேண்டும். பெல்ட்டுக்காரர் "விடு" என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். அன்றைக்கு அண்ணன் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. சக்கரம் சுற்றிவிட்டது.

முதலாளி ஓடி வந்தபோது எனக்கு நினைவு இருந்தது. "அவன் விடுன்னு சொன்னான் முதலாளி, அதான் போட்டேன்" என்று அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. கை போனதைவிட அந்தச் சொல்தான் வலித்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பொய். அப்போது கைதான் வலித்தது. சொல் வலித்தது பிற்பாடு, என்னைக் கவனமில்லாதவன் என்று மில்லை விட்டு அனுப்பி, அண்ணனை ஃபோர்மேன் ஆக்கினார்களே, அன்றைக்கு.

அப்பாவிடம் போய் நின்றேன். "நான் விடுன்னு சொல்லவே இல்லைப்பா" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். "இனிமேலாவது நிதானமா இருடா" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஆறுதல். அண்ணன் ஒரே ஒரு தடவை அப்பா முன்னால் நின்று, "நான்தாம்பா கேக்காம போட்டுட்டேன்" என்று சொல்லியிருந்தால் போதும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் மில்லை விட்டு வந்து திருவானைக்காவலில் சொந்தப் பட்டறை போட்டபோது என்னையும் கூட வைத்துக்கொண்டார். பட்டறையில் மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் இடது கையால் பிசைந்து சாப்பிடுவேன். பக்கத்தில் இருப்பவன் சற்றுத் தள்ளி உட்காருவான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கால் கழுவுற கையால சோறு திங்கிறதைப் பாத்தா எனக்குச் சோறு இறங்கலைடா" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த வாரம் அந்த இரும்புக் கைக்கு அளவெடுக்க ஆரம்பித்தார். எனக்காகச் செய்தார் என்கிறீர்கள். தன் கண்ணுக்காகத்தான் செய்தார் ஐயா.

கை செய்வதில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. காந்தி மார்க்கெட் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடி ஒரு தையல் மிஷின் மோட்டார், சைக்கிள் செயின், பிரேக் கம்பிகள் எல்லாம் வாங்கி வந்தார். உடம்பில் மாட்டுகிற கை இல்லை, நான் உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூன்று மூட்டு. விரல்களுக்குக் குடைக் கம்பி. பித்தளையில் வட்டு வெட்டி, அதன் ஓரத்தை அரத்தால் மேடும் பள்ளமுமாக ராவினார். வட்டு சுற்றச் சுற்ற, கை தட்டுக்குக் குனிந்து சோற்றை அள்ளும், வாய்க்கு உயரும், திரும்பிப் போகும். கீழே இருக்கும் ஒரு கட்டையை நான் காலால் மிதித்தால் ஓட்டம் தொடங்கும். தொடங்கிவிட்டால் ஒரு சுற்று முடியாமல் நிற்காது. "நடுவுல நிறுத்த ஒரு வழி வைங்க அண்ணே" என்றேன். "உன் வேலை வாயைத் திறக்கிறது. அதை மட்டும் ஒழுங்காச் செய்" என்றார்.

பலகையில் என்னை உட்கார வைத்து, என் வாய்க்கும் தட்டுக்கும் அளவெடுத்துக்கொண்டே இருப்பார். நான் மென்றால் திட்டுவார், அளவு தப்புகிறதாம். ஒரு முறை விரல் சரியாக மடங்காமல் பல்லில் இடித்து, முன்பல் ஓரம் உடைந்தது. கம்பி வளைந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தார்.

அப்படியும் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பீர்கள். அவர் ஒரு வாக்கு கொடுத்திருந்தார். "இந்தக் கை நல்லா ஓடட்டும்டா. அன்னிக்கு அப்பாகிட்ட எல்லாத்தையும் பேசிடுவோம்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக, அந்த இரும்பு ஓட வேண்டும் என்று நான் ஸ்ரீரங்கத்துப் பெருமாளை வேண்டியிருக்கிறேன். கை ஓடுவதற்கு முன்பே அப்பா செத்துப்போனார். "நிதானமா இரு" என்றுதான் கடைசியாகவும் சொன்னார்.

பிறகு கை ஓடியது. பட்டறைக்குக் கூட்டம் வந்தது. காலேஜ் வாத்தியார்கள் வந்தார்கள், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேலைவெட்டி இல்லாதவர்கள்கூட வந்தார்கள். நான் வாயைத் திறப்பேன், இரும்பு சோற்றை ஊட்டும், எல்லோரும் கைதட்டுவார்கள். அண்ணன் கைத்துணியால் இரும்பு விரலைத் துடைத்துக்கொண்டு, "தம்பி கொஞ்சம் அவசரக்காரன். பெல்ட்ல கையை வச்சுக்கிட்டே விடுன்னுட்டான். என்ன செய்யிறது, கூடப் பிறந்தாச்சு" என்பார். வருகிற கூட்டத்துக்கெல்லாம் இதையே சொன்னார். வாயில் சோறு இருக்கும்போது மறுத்துப் பேச முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தனியாக இருக்கும்போது ஒரு நாள் கேட்டேன். "கைதான் ஓடுதே அண்ணே. அப்பாதான் இல்லை, மத்தவங்ககிட்டயாவது சொல்லக் கூடாதா?" அவர் ஸ்பானரைக் கீழே வைக்கவே இல்லை. "தப்பு யார் மேலன்னு பாத்துக்கிட்டிருந்தா வேலை ஓடாதுடா. உன் கல்யாணப் பந்தியில இந்தக் கையால சாப்பிடு. ஊரே பாக்கட்டும். அப்ப சொல்றேன்" என்றார். நானும் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரத்தில் நடந்தது. மைக்செட்காரரிடமிருந்து ஒயர் இழுத்து, பந்தியில் என் வலது பக்கம் இரும்புக் கையைப் பொருத்தினார்கள். பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்று பார்த்தார்கள். நான் கட்டையை மிதித்தேன். பட்டறையில் பழகியதெல்லாம் அலுமினியத் தட்டில். இங்கே போட்டிருந்தது வாழை இலை. குனிந்த விரல்கள் சோற்றோடு இலையையும் சேர்த்துக் கிழித்து அள்ளின. சாம்பார் என் பட்டு வேட்டியில் ஓடியது. நிறுத்த வழி இல்லாத கை, கிழிந்த இலையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்தில் அப்பியது. சுற்று முடியாததால் மறுபடியும் தேய்த்துவிட்டுப் போனது. பந்தி முழுக்கச் சிரித்தது. மாமனார் சிரித்தார். நாதஸ்வரக்காரர்கூடச் சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "இலைதான் தப்பு. தட்டு வைக்கச் சொன்னேன், கேக்கலை" என்று பெண் வீட்டாரிடம் சத்தம் போட்டார். யாரிடமும் அவர் தட்டு கேட்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லம்மாள், தாலி கட்டி ஒரு நாழிகைகூட ஆகாதவள், வேறு இலை போடச் சொன்னாள். "எல்லாரும் பாத்தாச்சு. இனிமே என்ன? இடது கையால சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். அன்றிலிருந்து எவன் முகத்தைத் திருப்பினாலும் நான் நிறுத்தியதில்லை.

அண்ணன் சொல்வதாகச் சொன்னதைச் சொல்லவில்லை. அந்தக் கையைப் பிரித்து, மோட்டாரைச் சாணைக்கல்லில் மாட்டிவிட்டார். நான் லால்குடிக்கு வந்து கடை வைத்தேன்.

போன மாதம் அவருக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் போனேன். பேச்சும் போய்விட்டது. அண்ணி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் என் மொண்ணைக் கையைக் காட்டி, வாயைத் திறந்து என்னவோ சொல்ல முயன்றார். எச்சில்தான் வந்தது. "சொல்லுங்க அண்ணே, நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றேன். சாயங்காலம் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்க எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொள்ளிடக்கரையில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். நான் அரிசியை அள்ளியதும் பங்காளிப் பெரியவர் ஒருவர் கையைத் தடுத்தார். "இடது கையாலயா? அதெல்லாம் ஆகாதுப்பா. உன் மகன்கிட்ட கொடு. இரும்புல கை செஞ்சு கொடுத்த மகராசனுக்கு இப்படியா?" என்றார்.

"இந்த ஒரு கைதான் இருக்கு. இன்னொண்ணை எடுத்தவர் இவர்தான். கேக்காம சுவிட்சைப் போட்டார். நான் விடுன்னு சொல்லலை" என்றேன். அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னேன். தடுத்த பெரியவர் என் கையை விட்டுவிட்டார். அண்ணன் பார்க்கச் சகிக்காத அந்தக் கையால் அவர் வாயில் அரிசி போட்டேன். இந்த முறை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அங்க பேசினீங்களாமே தம்பி. எனக்குத் தெரியும். கை போன அன்னிக்கே அவர் மாமாகிட்ட அழுது சொல்லிட்டாரு. மாமாதான், ஒருத்தனுக்குக் கை போச்சு, இன்னொருத்தனுக்கு வேலையும் போகணுமா, வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கினாரு."

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் துண்டை உதறி எழுந்து போயிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் சாகும்போதும் நிதானமாக இரு என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அண்ணனைத் தெரிந்தவர்களே, அவர் நினைவாக நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது என் கோபம் ஒன்றுதான். இத்தனை காலமும் அது முழுக்க அவருக்கே என்று வைத்திருந்தேன். இப்போது அதில் பாதியை அப்பாவுக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்குத்தான் இன்னும் மனசு வரவில்லை.