ஜிம்னேசியத்துத் தேக்குத் தரை

செருப்புக் காலோடு உள்ளே வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்தான். ஆனாலும் எங்கள் பாலிகஞ்ச் ஃபிளாட்டில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர்கூடக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். இந்தக் குணத்தை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் அதைப் பல்கலைக்கழகத்துக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே நான் பொருளாதாரம் கற்பிக்கிறேன். உடற்பயிற்சிக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. இருந்தும் எங்கள் பழைய ஜிம்னேசியத்தைப் பழுதுபார்க்கக் குழு அமைத்தபோது, அன்றைய கூட்டத்துக்குத் தாமதமாகப் போன பாவத்துக்கு என்னையே அதன் தலைவியாக்கிவிட்டார்கள். வேண்டா வெறுப்பாகத்தான் ஒப்புக்கொண்டேன். மூன்றே மாதத்தில் அந்தக் கட்டடம் என் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். உயரத்தில் இரும்பு உத்தரங்கள், அவற்றிலிருந்து தொங்கும் ஏறுகயிறுகள், தாண்டிக் குதிப்பதற்குத் தோல் போர்த்திய ஒரு மரக்குதிரை. கீழே முழுக்கத் தேக்குப் பலகை. திறப்பு விழாவுக்காக அதன் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. நூலகத்தில் தேடியபோது, முறுக்கு மீசை மாணவர்கள் கம்பியில் தலைகீழாகத் தொங்கும் படங்கள் கிடைத்தன. போர்க்காலத்தில் சிப்பாய்கள் அங்கே தங்கியிருந்த படமும் கிடைத்தது. வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலடியிலும் பூட்ஸ். பிரிவினைக்குப் பிறகு அகதிக் குடும்பங்கள் அந்தத் தரையிலேயே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் அங்கே அரிசி மூட்டை, தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டி, கொரோனா வந்தபோது தடுப்பூசி வரிசை. ஊரே செருப்போடு நடந்த தரை அது.

புத்தகத்தில் நான் மீசை மாணவர்களை மட்டும்தான் சேர்த்தேன். பூட்ஸும் அடுப்பும் கண்ணுக்கு லட்சணமாக இல்லை என்று ஒதுக்கிவிட்டேன். ஒரு பலகையில் அடுப்புச் சூட்டில் கருகிய வட்டம் ஒன்று இருந்தது. தச்சர் அதைக் காட்டி, இது இப்படியே இருக்கட்டுமா என்று கேட்டார். மாற்றிவிடுங்கள் என்றேன்.

தரையை இழைத்து வார்னிஷ் அடித்து முடித்ததும் வாசலில் பலகை மாட்டினேன்: காலணி அணிந்து உள்ளே வரக் கூடாது. விளையாட வருகிறவர்கள்கூடச் சுத்தமான கான்வாஸ் ஷூவைத் தனியாகப் பையில் கொண்டுவந்து உள்ளே மாட்டிக்கொள்ள வேண்டும். ஜிம்னேசியத்தைக் கோயிலாக்கிவிட்டீர்களே என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

திறப்பு விழா முடிந்து வந்த மழைக்காலத்தில் தேர்வு மண்டபத்தின் கூரை ஒழுகியது. தேர்வுகளை ஜிம்னேசியத்துக்கு மாற்றினார்கள். மேஜைக் கால்களுக்கெல்லாம் ரப்பர் தொப்பி மாட்டவைத்த பிறகுதான் சம்மதித்தேன். முதல் நாள் நானே மேற்பார்வை. வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ஈரச் செருப்புகள் குவிந்தன. நடுவில் வீட்டிலிருந்து கணவர் ஃபோனில் கூப்பிட்டார். குழம்பை ஃப்ரிட்ஜில் எடுத்து வையுங்கள் என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்தேன்.

அதைக் கேட்டிருக்க வேண்டும், ஒரு பெண் கூட்டத்திலிருந்து விலகி என்னிடம் வந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாந்த்ராகாச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறாளாம். முகத்தில் ஒரு நிம்மதி.

"மேம், நீங்க தமிழா? இந்த ஷூ இல்லாம என்னால நடக்க முடியாது மேம். ஒரு கால் கொஞ்சம் குட்டை. அடியெல்லாம் நல்லா தொடச்சிட்டேன். ப்ளீஸ் மேம்."

குனிந்து பார்த்தேன். இடது ஷூவின் அடிப்பாகம் மட்டும் நாலு விரல் கனம் இருந்தது.

சரி, போ என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அவள் தமிழில் கேட்டுவிட்டாள். பக்கத்தில் இரண்டு சக ஆசிரியர்கள் நின்றார்கள். தன் ஊர்ப் பெண் என்றதும் விதியை வளைத்துவிட்டாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? மெட்ராஸிகள் நேர்மையானவர்கள் என்று என் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் வாங்கிவைத்திருக்கிற பெயர் என்ன ஆவது? அந்தப் பெயரை அன்று அவள் காலை வைத்துக் காப்பாற்றினேன்.

"ஷொபார் ஜொன்யே ஏக்-இ நியோம்" என்றேன் வங்காளத்தில். எல்லாருக்கும் ஒரே விதி. தமிழே தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஜிம்னேசியத்தைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் அங்கேதான் நின்றார். "தாக் நா, தீதி" என்றார் மெதுவாக, போகட்டும் விடுங்களேன் அக்கா என்று. அவரை முறைத்தேன்.

அவள் படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். அவளுடைய எண் ஏழாவது வரிசையில், நட்ட நடுவில் இருந்தது. வலது பாதத்தை முழுதாக ஊன்றி, இடது காலை விரல் நுனியில் நிறுத்தி, ஒவ்வொரு மேஜையாகப் பிடித்துக்கொண்டு போனாள். கூடம் முழுவதும் தலை நிமிர்ந்து பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் அவர்களை அதட்டிவிட்டு நான் நல்லவளாகியிருப்பேன்.

மூன்று மணி நேரமும் அவள் எழுந்திருக்கவில்லை. மணியடித்த பிறகும் கூடம் காலியாகட்டும் என்று காத்திருந்தாள். பணியாளர் அவளுடைய ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவள் காலடியில் வைத்தார். அவள் மாட்டிக்கொண்டு என் தரையின் மேல் நடந்து வெளியே போனாள். நான் விடைத்தாள்களைக் கட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவள் போனதும், திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஷூவைக் கழற்றவில்லையே, நீங்கள்தானே கூடவே நடந்து வந்தீர்கள் என்று பணியாளர் கேட்டார். நான் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இதில் கேவலம் என்னவென்றால், வீட்டுக்கு வந்து இதை நான் கணவரிடம் பெருமையாகத்தான் சொன்னேன். நம்ம பெண் என்றுகூடப் பார்க்கவில்லை, தெரியுமா என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அந்தப் பொண்ணு தமிழ்லதானே கேட்டுது?"

"ஆமா."

"நீ ஏன் தமிழ்ல பதில் சொல்லல?"

தமிழில் சொல்லியிருந்தால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அது அப்போதுதான் எனக்கே புரிந்தது. பூட்ஸ் படத்தை ஒதுக்கியவள், பெரிய மனிதரின் ஷூவைக் கண்டு பல்லிளித்தவள், ஒரு சின்னப் பெண்ணின் குறையை எல்லார் முன்பும் அவிழ்த்துக் காட்டவைத்தவள், எல்லாம் நான்தான்.

அடுத்த தாள் இரண்டு நாள் கழித்து. அன்று முறை என்னுடையதில்லை, கேட்டு வாங்கிக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'அன்னிக்கு நான் செஞ்சது தப்பும்மா. ஷூவோடயே வா.' இவ்வளவுதான். அவளுடைய மேஜையையும் வாசல் பக்கமாக மாற்றிவைத்தேன். சக ஆசிரியர்கள் காதில் விழும்படி தமிழில் சொல்ல வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தேன்.

அவள் வந்தாள். என்னைப் பார்க்காமல் படியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து இரண்டு துணி உறைகளை எடுத்தாள். பழைய பூந்துவாலையை வெட்டி, கையால் தைத்து, வாயில் நாடா கோத்தவை. ஒன்று சாதாரண அளவு, இன்னொன்று ஆழமானது. இரண்டையும் ஷூவின் மேல் இழுத்து மாட்டி, நாடாவை முடிந்துகொண்டு, எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"எபார் ஹோபே, மேம்?" என்றாள், சுத்தமான வங்காளத்தில். இப்போது சரியா என்று.

ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கம் எனக்குத் தெரியும்படி இடது காலைத் தூக்கிக் காட்டினாள். என் கண் தானாகக் கீழே போய், துணியில் அழுக்கு இருக்கிறதா என்று தேடியது. நான் பார்த்து முடிக்கும்வரை அவள் காலை இறக்கவில்லை.