மாமா களை எடுத்த குதிரைவாலிக் காடு

கோயம்புத்தூரில் ஒரு சிறுதானியக் கடையில் கொஞ்ச காலம் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தேன். அதற்கு முன்னால் திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன், அதற்கும் முன்னால் தூத்துக்குடியில் இறால் உரித்தேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோனதால், எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. அந்தக் கடையில் குதிரைவாலி அரிசிப் பையின் மேல் ஒரு குதிரையின் படம் போட்டிருந்தார்கள். வெள்ளைக் குதிரை. பிடரி சிலிர்க்க, வாலை உயர்த்திக்கொண்டு ஓடும். ஒவ்வொரு பையை ஒட்டும்போதும் எனக்குச் சிரிப்பு வரும். படம் போட்டவர் குதிரைவாலிக் கதிரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார், எங்கள் மாமாவைப் போல.

மாமா என் அம்மாவின் தம்பி. போடியில் எங்களோடுதான் இருந்தார். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டினார், ஜீப்பு வேறொருவருடையது. அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அம்மா தம்பியின் ஜீப்பிலேயே மலையேறி ஏலக்காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவாள். பள்ளிக்கூட லீவு வந்தால் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் நானும் மலைக்குப் போவேன். பத்துப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் இருபது பேர் இருப்பார்கள். எனக்குக் கிடைக்கும் இடம் கியர் கம்பிக்குப் பக்கத்தில். வளைவுக்கு வளைவு அது என் முட்டியில் இடிக்கும். நாளடைவில் எனக்கு அது பழகிவிட்டது.

போடியில் ஆள் ஏற்றிக்கொண்டு நேராகப் போடிமெட்டு ஏறுவதுதான் வழக்கம். அந்த வருடம் மட்டும் மாமா விடிகிற நேரத்தில் தேவாரத்துக்கு ஒரு நடை போய், அங்கே மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து, பிறகுதான் மலையேறினார்.

“போடியில இல்லாத ஆளு தேவாரத்துல என்னடா குமிஞ்சு கெடக்கு?” என்று அம்மா கேட்பாள்.

“அங்கிட்டு ஆளுக நல்லா வெரசா காய் எடுக்குறாகக்கா” என்பார் மாமா.

வெரசாகக் காய் எடுக்கிற அந்த ஆட்களில் ஒருத்தி முன் சீட்டில் என்னை ஒட்டி உட்காருவாள். நான் அவளைத் தேவாரத்து அக்கா என்று கூப்பிட்டேன்.

வால் விவகாரம் அவளால்தான் தொடங்கியது. ஒரு நாள் கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வர, ஜீப்பு ஓரம் கட்டி நின்றது. பாறை இடுக்கில் காற்றில் ஆடிய ஒரு புல்லைக் காட்டி, “அது என்னா புல்லு?” என்று கேட்டாள். மாமா அதுவரை புல்லை ஏறிட்டும் பார்த்தவர் இல்லை. எங்கேயோ காதில் விழுந்ததை வைத்து, “நரிவால் புல்லு” என்றார். அது சரியாகவே இருந்தது.

“அப்படியா!” என்றாள் அவள், கண்ணை விரித்து.

அந்த ‘அப்படியா’ மாமாவைக் கெடுத்துவிட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் ஒரு வால் முளைத்தது. சுருண்டு நிற்கும் இளம் பெரணி, கருங்குரங்கு வால். நீளமாக வளர்ந்து நுனியில் மட்டும் முடி வைத்த கோரை, யானைவால். தோட்டத்து வாசலில் சிவப்பாகத் தொங்கும் பூ, பூனைவால். அதை உண்மையிலேயே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது மாமாவுக்கே பிறகுதான் தெரிந்தது. அணில்வால், ஓணான்வால், கீரிவால் என்று மலை முழுக்க மிருகங்கள் தலையைப் புதைத்துக்கொண்டு வாலை மட்டும் வெளியே விட்டிருப்பது போல ஆகிவிட்டது.

பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா?

“ஏப்பா டிரைவரு, இந்த மலையில தலையுள்ள செடி ஒண்ணுகூடக் கெடையாதா?”

“இருக்குக்கா. தலையெல்லாம் அங்கிட்டு கேரளாப் பக்கம் மொளைக்கும்.”

ஜீப்பே குலுங்கும். தேவாரத்து அக்கா வெளியே பார்த்துக்கொண்டு சிரிப்பாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அது படிப்பு. அம்மா காய் எடுக்கும்போது நான் அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டே வால்களைப் பறித்து வந்து பாறையில் வரிசையாக வைத்து, பெயர் சொல்லிப் பார்ப்பேன். வாய்ப்பாடு வராத எனக்கு வால்கள் அத்தனையும் மனப்பாடம்.

இதற்கிடையில் மாமா அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல, அம்மா தேவாரத்துக்குப் போய்ப் பெண் கேட்டாள். அக்காவின் அப்பாவுக்கு மலையடிவாரத்தில் மானாவாரிக் காடு இருந்தது. மழை பெய்தால் விளைச்சல், பெய்யாவிட்டால் மகள் ஏலக்காய் எடுக்கப் போவாள். அவருக்கு ஒரே மகள். சின்னமனூர்ப் பக்கம் தோட்டமும் மோட்டாரும் உள்ள ஒரு மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க அவர் ஏறக்குறையத் தயாராக இருந்தார்.

“எனக்குப் பெறகு இந்தக் காட்டைப் பாக்கணும்மா. ஸ்டேரிங் பிடிக்கிறவனுக்கு மண்ணுல என்னா தெரியும்?” என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினார்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. “எனக்குத் தெரியாத புல்லு இந்த மலையிலயே கெடையாதுன்னு போய்ச் சொல்லு” என்று அக்காவிடமே சொல்லிவிட்டார். அவளும் அதை அப்படியே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு வந்து களை எடுக்கச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று பதில் வந்தது.

மாமா புது வேட்டி கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரிய ஆள் யாரும் கூட வந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்திருப்பார்.

அக்காவின் அப்பா எங்களை வரப்பில் நிறுத்தி, ஓடையோரத்து மூலையைக் கையால் காட்டினார். “தம்பி, குதிரைவாலி. மழை தள்ளிப் பேஞ்சதால இப்பத்தான் கதிர் விட்டுருக்கு. இந்த மூலையில களை மண்டிப்போச்சு. களை முத்தி விதை கொட்டுறதுக்குள்ள எடுக்கணும். எடுத்து வைங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துர்றேன்.” சொல்லிவிட்டு மொபெட்டில் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். குதிரைவாலியைச் சோறாகத்தான் எங்களுக்குத் தெரியும். செடியாகப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. அந்த மூலையில் இரண்டு விதமான கதிர் கலந்து நின்றது. ஒன்று நீளமாக, மெத்தென்று, முழுக்க மயிராக, காலை வெயிலில் பளபளவென்று ஆடியது. இன்னொன்று கட்டை குட்டையாக, தண்டோடு ஒட்டிக்கொண்டு, புடைப்பு புடைப்பாக, யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

“ஆத்தா, இதுல எது குதிரை?” என்று மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

போடித் தெருவில் கல்யாண ஊர்வலத்துக் குதிரையை நான் பார்த்திருந்தேன். மயிராக ஆடியதைக் காட்டினேன்.

“அதேதான் நானும் நெனச்சேன்” என்றார் மாமா. பிறகு தலையைத் தூக்கிக் காடு முழுவதையும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் கட்டைக் கதிராகவே நின்றது. மாமாவுக்கு மனசு இளகிவிட்டது. “பாவம்த்தா, மனுசன் காடு பூராவும் களைய விட்டு வச்சிருக்காரு. வெளியில சொல்ல முடியுமா? அதான் நம்மளக் கூப்ட்டிருக்காரு.”

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். மலை ரோட்டில் ஜீப்பு ஓட்டும் கை. பிடித்தால் வேரோடு வந்தது. நான் பின்னாலேயே பொறுக்கி வரப்பில் குவித்தேன். மயிர்க்கதிர் ஒன்றுகூட சாயக் கூடாது என்று மாமா பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அவர் எடுத்த இடம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு தேவாரத்து அக்கா தூக்குவாளியில் மோர் கொண்டுவந்தாள். வரப்பில் இருந்த குவியலைப் பார்த்தாள். மாமாவின் வரிசையைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தூசி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“என்னா செய்றீக?” என்றாள், முந்தானையை எடுத்துவிட்டு.

“களை ரொம்பத்தான் மண்டிக் கெடக்கு” என்றார் மாமா, நெற்றி வேர்வையை வழித்தபடி. “குதிரைவாலிக்கு ஒரு சேதாரம் இல்லாம எடுத்துருக்கேன். பாத்துக்க.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீ என்னா சொல்ற குட்டி? எது குதிரைவாலி?”

நான் மயிர்க்கதிரை ஒடித்து அவள் கையில் கொடுத்தேன். “இதுதான்க்கா. நல்லாப் பாத்துக்க. மத்தது என்னா வாலுன்னே தெரியல, எலி வாலு கணக்கா இருக்கு.”

“அப்படியா!” என்றாள் அவள்.

தூரத்தில் மொபெட்டுச் சத்தம் கேட்டது. அவள் பாதையைப் பார்த்தாள்; சட்டென்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி, மாமாவுக்கு அடுத்த வரிசையில் கட்டைக் கதிரைப் பிடுங்கத் தொடங்கினாள். அவள் வேகத்துக்கு மாமாவால் ஈடு கொடுக்க முடியவில்லை. அவள் அப்பா வந்து நின்றபோது அவள் கை நிறையச் செடி இருந்தது.

அவர் குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்து வேர்மண்ணைத் தட்டினார். மாமாவுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பிடுங்கிய கை பாதியில் நின்றது.

“யாரு இதைப் புடுங்கச் சொன்னது?”

“நான்தாம்ப்பா” என்றாள் அக்கா. “தெரியாமச் சொல்லிட்டேன். அவுக நான் காட்டுனதைத்தான் எடுத்தாக.”

“நீ?”

“ஆமாப்பா.”

“நடக்கப் பழகுன நாள்லேருந்து இந்தக் காட்டுல களை எடுக்குறவ, நீ?”

“வெயில்ல கண்ணு கூசிருச்சு.”

அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தலையைக் குனியவில்லை. அந்த மூலையில் விளைந்திருக்க வேண்டியது அவர்கள் வீட்டுச் சோறு. கொஞ்ச நஞ்சம் இல்லை. அவள் அடி வாங்கப் போகிறாள் என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப் போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“அடிக்காதீங்க தாத்தா. அந்த அக்காவுக்குப் பாவம், அடையாளம் தெரியல. எங்க மாமா சொல்லிக் குடுத்துருவாரு.”

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமாவிடம் திரும்பினார்.

“போன வருசம் இதே மூலையில யானை எறங்குச்சு. அதுகூட இம்புட்டு வரிசையாப் புடுங்கல, மாப்ள.”

மாமா கையிலிருந்த செடியைக் கீழே போட்டார். அக்கா குனிந்து தூக்குவாளியைத் திறந்தாள்.

“மோரைக் குடிங்க. பெறகு நெசக் களையையும் எடுத்துட்டுப் போங்க. அதை எடுக்காம நீங்க தப்பிச்சுப் போக முடியாது” என்றார் அவர். “தை பொறக்கவும் ஒங்க அக்காவ வரச் சொல்லுங்க. அறுப்புக்கு மட்டும் நீங்க வந்துராதீக.”

குவியல் மாட்டுக்குப் போனது. மயிர்க்கதிர் மலையில் பார்த்த அதே நரிவால் புல்தான், காட்டு மண்ணில் கொழுத்து நின்றதில் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மாமா சாயங்காலம் வரைக்கும் அதைப் பிடுங்கினார், அக்கா அடுத்த வரிசையில். இரண்டு பேரும் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. தப்பாகப் பிடுங்கியதும் இல்லாமல் ஒரு சிரிப்பு வேறு.

மறுநாள் ஜீப்பில் நான் அத்தனை பேருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். மாமா தப்பாகப் பிடுங்கியதற்குக் காரணம் இந்த அக்காதான், அவளே ஒப்புக்கொண்டாள், பிறந்ததிலிருந்து காட்டில் இருந்தும் குதிரைவாலி எது என்று தெரியவில்லை என்று. பின்னாலிருந்த பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். என் அம்மா மட்டும் சிரிக்காமல், கையை நீட்டி அக்காவின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். தெரியாதவளை எதற்குத் தடவிக்கொடுக்க வேண்டும்?

அவளை அப்படியே விடக் கூடாது என்று தோன்றியது. மீதி லீவு முழுக்க வளைவுக்கு வளைவு அவளுக்குப் பாடம் நடத்தினேன். நரிவால் புல்லைக் காட்டி, “இது என்னா, சொல்லு பாப்போம்” என்பேன்.

அவள் யோசிப்பாள். மாமாவை ஒரு தடவை பார்ப்பாள். “குதிரைவாலி” என்பாள்.

திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தும் திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மாமா வளைவில் ஹாரன் அடிக்க மறந்துபோனார். தையில் தாலி கட்டும்போதுகூட நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒன்றுமே தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமா எப்படித்தான் காலம் தள்ளப் போகிறாரோ என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.