கௌரி அக்கா வாங்கப் போன பட்டி

போன புதன்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு எங்கள் கிளினிக்கில் போன் அடித்தது. ரிசப்ஷனில் இருப்பவள் நான்தான், எடுத்தேன். கௌரி அக்காவின் கணவர் ஈசன் அண்ணா பேசினார். சிட்டியில், ரயில் பிளாட்பாரத்தில் கௌரி அக்கா மயங்கி விழுந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்களாம்.

"இல்லண்ணா, பன்னிரண்டரைக்குத்தான் கிளம்பினாங்க. டீ கப் கூட இங்கதான் இருக்கு" என்றேன். பன்னிரண்டரைக்குக் கிளம்பியவர் மூன்றரைக்குள் சாக முடியாது என்று நினைத்தேனோ என்னவோ. நாற்பத்தொன்பது வயது. ஒரு தலைவலி மாத்திரை போட்டு நான் பார்த்ததில்லை. அன்று காலையில்கூட என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "இண்டைக்கும் உப்புமாவோ? உம்மட மனுசன் பாவம்" என்று சிரித்த மனுஷி.

அண்ணா கேட்டார்: "அவ ஏன் சிற்றிக்குப் போனவ, சித்ரா? உமக்குத் தெரியுமே?"

எனக்குத் தெரியும். என் காலுக்கு ஒரு பட்டி வாங்கத்தான் போனார். நான் சொல்லித்தான் போனார்.

"தெரியலண்ணா" என்றேன்.

நாளை அவருக்குத் தகனம். வருஷாவருஷம் பனிமலைக்குப் போகும் எங்கள் பனிக்குழுவினர் என்னைத்தான் அஞ்சலி எழுதச் சொன்னார்கள், நான்தான் அவருக்கு நெருக்கம் என்று. நெருக்கம்தான். அதனால்தான் அந்தப் பொய்யிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கௌரி அக்கா இலங்கையின் வடக்கிலிருந்து அகதியாக வந்தவர். வந்த புதிதில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, மெல்போர்னின் மேற்குப் பக்கம் இருக்கும் எங்கள் கிளினிக்கில் டெக்னீஷியன் ஆனார். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கால்தாங்கி செய்து கொடுக்கும் இடம் அது. முன்னால் ரிசப்ஷன், பின்னால் பட்டறை. பட்டறையில் அவர் பட்டி வெட்டுவார், மெத்தை தைப்பார், பக்கிள் அடிப்பார். நாங்கள் எல்லோரும் ஸ்ட்ராப் என்போம். அவர் வாயில் கடைசிவரை அது பட்டிதான்.

எட்டு வருஷத்துக்கு முன் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஃபைல் ஒன்றைக் கொடுக்கப் பட்டறைக்குள் போனேன். அவர் தலை நிமிராமலே கேட்டார்: "வலது சப்பாத்துக்குள்ள என்ன வச்சிருக்கிறீர்?"

எனக்குச் சுரீரென்றது. சின்ன வயதில் எனக்குப் போலியோ. திருச்சியில் பள்ளி முடியும்வரை காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி போட்டு நடந்தவள். வலது கால் இடது காலைவிட மெலிந்தது, பாதம் சின்னது. காலிப்பரைக் கழற்றிய நாளிலிருந்து அந்தக் காலை நான் வீட்டுக்கு வெளியே யாருக்கும் காட்டியதில்லை. எப்போதும் முழுநீளப் பேண்ட், ஒரே அளவில் இரண்டு ஷூ.

"பஞ்சு" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கால்தாங்கிக் கிளினிக்கில வேலை செய்துகொண்டு சப்பாத்துக்குள்ள பஞ்சு அடைக்கிற ஒரே ஆள் நீர்தான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு மறுநாளே வேலையை விட்டிருப்பேன். ஆனால் மறுநாள் என் மேசை டிராயரில் ஒரு காகிதப் பை இருந்தது. அதற்குள் வலது ஷூவுக்கு அளவாக வெட்டிய ஒரு மெத்தை. என் காலைப் பார்க்காமலே, நடக்கும் சத்தத்தை வைத்தே வெட்டியிருந்தார். இன்று காலை வரை அப்படிப்பட்ட மெத்தையில்தான் நடக்கிறேன்.

அவருக்குப் பனிப் பைத்தியம் பிடித்தது நாற்பது வயதில். பட்டறைக்கு வந்த நோயாளி ஒருவரின் ஸ்னோபோர்டைப் பழுது பார்க்கப் போய், அதில் ஏறிப் பார்த்து, அன்றோடு அதற்கு அடிமையானவர். இங்கே குளிர்காலமான ஒவ்வொரு ஆகஸ்டிலும் இரண்டு வேன் பிடித்து, தெரிந்த தமிழ்க் குடும்பங்களை எல்லாம் மலைக்குக் கூட்டிப் போவார். ஈசன் அண்ணா மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தாலே ஸ்வெட்டர் தேடுகிற மனிதர் அவர்.

ஸ்னோபோர்டு என்பது ஒரே ஒரு பலகை. இரண்டு காலையும் அதன்மேல் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு சரிவில் வழுக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு காலையும் பிடித்துக்கொள்வது இரண்டு பட்டிகள். விரல் பக்கம் ஒன்று. கணுக்காலுக்கு முன்னால், பூட்ஸ் மடங்குகிற இடத்தில் இன்னொன்று. பல் பல்லாக இருக்கும் முனையைப் பக்கிளுக்குள் விட்டு இறுக்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் ஜாக்கெட்டின் நிறத்தைப் பார்ப்பார்கள், போர்டின் படத்தைப் பார்ப்பார்கள். பட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கௌரி அக்கா அதை மட்டும்தான் பார்ப்பார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டுக் கராஜில் பரேடு நடக்கும். எல்லோரும் பூட்ஸ் மாட்டி, பட்டி கட்டி, கார்ப்பெட்டில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். அவர் குனிந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவார். பட்டியின் மெத்தை காலின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, பக்கிள் வெளிப்பக்கம் இருக்கிறதா, முன்னால் சாய்ந்தால் குதிகால் கிளம்புகிறதா. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தினை சொக்ஸ்?"

நம் ஆட்களுக்குக் குளிர் என்றாலே இரண்டு ஜோடி, மூன்று ஜோடி. பூட்ஸுக்குள் இடமே இருக்காது. அதன்மேல் பட்டியையும் இறுக்கினால் ஒரு மணி நேரத்தில் பாதம் மரத்துவிடும். "ஒண்டைக் கழட்டும்" என்பார். "குளிருமே அக்கா" என்றால், "ரத்தம் ஓடினாத்தான் கால் சூடு. கம்பளி தன்ரபாட்டில சூடாகாது" என்பார். ஒரு வருஷம் ஒரு பெரிய டாக்டர் மூன்று ஜோடியோடு வந்து அவரிடம் மாட்டிக்கொண்டார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், நாளை தகனத்துக்கு வருவார்.

முதல் இரண்டு வருஷம் நான் மலையில் காப்பிக் கடையில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளையும் காவல் காத்தேன். என் கணவரும் மகள்களும் சரிவிலிருந்து கையசைப்பார்கள், நானும் அசைப்பேன். திரும்பி வந்த ஒரு திங்கட்கிழமை கௌரி அக்கா ரிசப்ஷனுக்கு வந்து நின்றார். "ஸ்கீ எண்டால் ரெண்டு காலும் தனித்தனியா உழைக்க வேணும். போர்டில ரெண்டும் ஒண்டாக் கட்டுப்பட்டிருக்கு. இடதுகால் முன்னுக்குப் போனா வலதுகால் வந்துதானே ஆக வேணும்? பட்டியை மட்டும் என்னட்ட விடும்."

கராஜில் நாங்கள் இருவர் மட்டும். வலது காலுக்கு ஒரு சைஸ் சின்ன பூட்ஸ் வாங்கி வைத்திருந்தார். போர்டோடு வந்த பட்டியைக் கடைசிப் பல்வரை இழுத்தும் பிடிக்கவில்லை. மெத்தை வெளிப்பக்கம் நழுவ, பக்கிள் நடுவில் வந்து எலும்பின்மேல் ஏறியது. வலியில் கத்தினேன். கழற்றிவிட்டு, சின்ன சைஸ் பட்டி ஒன்றை எடுத்து, ஒரு துளை மேலே தள்ளி மாட்டினார். மறுபடி இறுக்கினார். வலிக்கவில்லை. "இப்ப குதிக்காலைத் தூக்கும்" என்றார். தூக்கினேன், அசையவில்லை. என் வலது காலை எதுவோ அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டது அதுவே முதல் தடவை. அழுதேன். அவர், "முதல்ல விழப் பழகும், பிறகு அழலாம்" என்றார்.

அந்த ஆகஸ்டில் நான் எழுபது தடவையாவது விழுந்திருப்பேன். ஒரு தடவை விழாமல் கீழே வந்தேன்.

ஒருமுறை அவரோடு நான் பெரிய சண்டை போட்டேன். மலையில் எல்லோருக்கும் முன்னால், "சித்ராவின்ர வலது காலுக்குச் சின்னப் பட்டி, அதை எடுத்துத் தாங்கோ" என்று கத்திச் சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பி என் காலைப் பார்த்தார்கள். "என் கால ஊருக்கே ஏலம் போடுவீங்களா? இனிமே தொடாதீங்க" என்று நான் கத்தினேன். வேனில் ஐந்து மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை அவர் வந்து, "பிழை என்னில" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு மலையில் என் பட்டியைக் கட்டும்போது மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, தன் பெரிய சிவப்பு ஜாக்கெட்டை விரித்து, என் காலை மறைத்துக்கொண்டுதான் உட்காருவார். அதற்குப் பிறகு ஒருவர்கூட என் காலைப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் அந்தப் பட்டியின் பற்கள் தேய்ந்துவிட்டன. இறுக்கினால் நழுவியது. "நான் இந்தத் தடவை வரலக்கா" என்றேன். "பட்டி தேஞ்சா பட்டியை மாத்துறது. ஆளை மாத்துறதே?" என்றார். அந்தச் சின்ன சைஸ் எங்கும் கிடைக்கவில்லை. பத்துக் கடைக்குப் போன் செய்தேன். சிட்டியில் ஒரு கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. புதன்கிழமை சாயங்காலம்வரைதான் எடுத்து வைப்போம் என்றார்கள். நான் அதை அவரிடம் சொன்னேன். அவர் போகட்டும் என்றுதான் சொன்னேன். நானே போயிருக்கலாம். ஆனால் கடைக்காரன் எந்தக் காலுக்கு, ஏன் சின்னது என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் அவர் போனார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேகமாக நடந்திருப்பாரோ, படியில் ஓடியிருப்பாரோ என்று இதே யோசனை. எங்கே இருந்திருந்தாலும் அது வெடித்திருக்கும் என்று கிளினிக் டாக்டர் சொன்னார். காதில் விழுந்தது, மனசுக்குள் போகவில்லை.

நேற்று சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹால் நிறைய ஆட்கள். பனிக்குழுவினர் முக்கால்வாசிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஈசன் அண்ணா என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையோடு வந்தார். அதிலிருந்து அதை எடுத்தார். அட்டைகூடப் பிரிக்காத புதுப் பட்டி.

"சித்ரா, இது கிளினிக் சாமானோ? திருப்பிக் குடுக்க வேணுமோ?"

ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வாய்வரை வந்தது.

"இல்லண்ணா. அது என்னுது. எனக்கு வாங்கத்தான் போனாங்க. அன்னைக்கு உங்ககிட்ட தெரியலன்னு பொய் சொன்னேன்."

அண்ணா என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுதானோ கிடைச்சது?" என்றார். "ரெண்டு மணிக்கு எனக்குப் போன் எடுத்தவ. 'இஞ்சாருங்கோ, கிடைச்சிட்டுது, சின்னன் கிடைச்சிட்டுது' எண்டு ஒரே சந்தோசம். நான் ட்ரக் ஓடிக்கொண்டிருந்தனான். பிறகு கதைப்பம் எண்டு கட் பண்ணிட்டன். என்ன கிடைச்சது எண்டு கேக்கேல்ல. மூண்டு நாளா அதையே யோசிக்கிறன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீர் சொல்லும். அவ என்ன சொல்ல வந்தவ?"

வாயால் சொல்லிப் புரிய வைக்கிற விஷயமா அது? அவர் ஒரு தடவைகூட மலைக்கு வராதவர்.

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். வலது ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றினேன். பேண்டை முழங்கால்வரை சுருட்டினேன். அத்தனை பேரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். போலியோவைச் சொன்னேன், காலிப்பரைச் சொன்னேன், பஞ்சைச் சொன்னேன். பட்டியை வாங்கி என் காலின்மேல் வைத்து, பெரியது எங்கே நழுவும், சின்னது எங்கே பிடிக்கும், அதற்காக அக்கா எந்தத் துளையில் மாட்டுவார் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

அண்ணா கீழே இறங்கி உட்கார்ந்து, பட்டியைத் தானே வாங்கி வைத்துப் பார்த்தார். ஓரமாக வைத்தார். "இல்லண்ணா, நடுவுல" என்றேன். நடுவில் வைத்தார்.

"அப்ப அவ சந்தோசமாத்தான் வந்துகொண்டிருந்தவ" என்றார்.

"ஆமாண்ணா."

கௌரிக்கா, நீங்கள் செத்துப்போனதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. நாளைக்குப் பெட்டிக்குள் பார்த்தாலும் நம்புவேனா தெரியவில்லை. ஆனால் போனில் பாதியில் நின்றதை அண்ணாவுக்கு முழுசாகச் சொல்லிவிட்டேன். காலையும் காட்டிவிட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.