பங்கர் வாயில் நான் உட்கார்ந்த நான்கு நிமிடம்

அந்த டீச்சரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக என் மனம் இளகும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அவரை 'அவர்' என்று எழுதுவதுகூட வெறும் பழக்கதோஷம்.

சண்டை திரும்பத் தொடங்கிய வருடம் என் மகளுக்கு ஒன்பது வயது. நாங்கள் சாம்பல்தீவில் இருந்தோம். அவளுக்கு இருப்பது இன்ன வருத்தம் என்று பெயர் சொல்ல அப்போது எங்களுக்கு ஒருவரும் இல்லை. பல வருடம் கழித்துத்தான் கொழும்பில் ஒரு டொக்டர் சொன்னார். ஊரில் அவளைக் குழப்படிக்காரி என்றார்கள், பொறுமை கெட்டவர்கள் விசரி என்றார்கள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். கோபம் ஏறினால் கையில் கிடைத்தது பறக்கும், பிறகு தானே ஏங்கி ஏங்கி அழுவாள்.

நான் அவளைப் படித்து வைத்திருந்தேன். கோபம் வரப்போகிறது என்றால் முதலில் கதை பேச்சு நின்றுவிடும். அந்த நேரம் புத்தி சொல்லக்கூடாது, ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. பாரமான வேலை ஏதாவது கொடுக்க வேண்டும். கிணற்றிலிருந்து நாலு வாளி தண்ணீர் தூக்கினால் பாதி இறங்கிவிடும். அதையும் மீறி வந்துவிட்டால், உடையக்கூடிய சாமான்களை அப்புறப்படுத்தி, கதவைத் திறந்து விட்டு, கொஞ்சம் தள்ளி நிலத்தில் பேசாமல் இருக்க வேண்டும். அடைத்து வைக்கவே கூடாது. அடைத்தால் அந்தப் பயம் நாட்கணக்கில் போகாது. இதையெல்லாம் அவளுடைய வகுப்பு டீச்சரிடம் இரண்டு தரம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

ஒரு பின்னேரம் துறைமுகப் பக்கமாக ஷெல் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு வளவில், ஷெல் விழும்போது பதுங்க என் கணவர் வெட்டிய பங்கர்க் குழி இருந்தது, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது. அவர் இறங்கிவிட்டார். மகள் வாயிலில் நின்றுவிட்டாள். பிடித்து இழுத்தால் உதைத்தாள். டீச்சர் தகரத்தால் மூடிப்போடுவா என்று கத்தினாள். வேறு வழியில்லாமல் வெறும் முற்றத்தில் அவளைக் கிடத்தி, அவள் மேல் நான் கவிழ்ந்து படுத்தேன். அப்படிக் கிடந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

அடுத்த நாள் ஓர்ஸ் ஹில்லில் இருந்த என் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. மகள் கத்தத் தொடங்கினால், பள்ளிக்கூடப் பங்கருக்குள் இறக்கி, ஆடு மாடு விழாமல் வாயை மூடுகிற தகரத்தைப் போட்டு, அதன்மேல் கல்லும் வைத்திருக்கிறார். மற்றவர்களைப்போல் தான் பிரம்பு எடுப்பதில்லை என்று அவருக்குப் பெருமை வேறு.

"அஞ்சு நிமிசத்தில அடங்கிடுவா. பள்ளிக்கூடத்திலயே பாதுகாப்பான இடம் அதுதானே," என்றார்.

அதை அவர் உண்மையாகவே நம்பினார். அதுதான் என் வயிறெரிச்சல். அதிபரிடம் போனேன். இந்தக் காலத்தில் டீச்சர்மார் கிடைப்பதே பெரிய காரியம், பெரிதுபடுத்த வேண்டாம் என்று என்னையே சமாதானப்படுத்தினார். வேறு பள்ளிக்கூடம் என்றால் இரண்டு சோதனைச்சாவடி தாண்ட வேண்டும், தினமும் வரிசையில் நின்று உடம்பைத் தடவக் கொடுக்க வேண்டும். என் பிள்ளையால் அது முடியாது. இனி மூடுவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் பங்கர் வாயில் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். உள்ளே பாய் விரித்தேன், டோர்ச் வைத்தேன், வறுத்த கச்சான் கடலை கொண்டுபோய் வைத்தேன். ஒரு கால்கூட வைக்கவில்லை. இன்னும் மூன்று தரம் ஷெல் அடித்தார்கள், மூன்று தரமும் நாங்கள் இருவரும் முற்றத்தில் கிடந்தோம். ஒருமுறை ஷெல் துண்டொன்று வந்து கிணற்றுக்கட்டைப் பெயர்த்தது. இந்தப் பிள்ளை சாகப்போகிறது, அந்தப் பெண்ணால் சாகப்போகிறது என்று நினைத்து நினைத்து எனக்கு வெறியே பிடித்தது.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சிரமதானம். பங்கருக்குள் நின்ற தண்ணீரை அள்ளி வெளியே ஊற்ற வேண்டும். மகளுக்கு வாளி சுமக்கும் வேலையைக் கொடுத்தேன். தண்ணீர் வற்றியதும் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். துப்புரவாகிவிட்டதா என்று பார்க்க டீச்சர் தனியாக உள்ளே இறங்கினார். நான் தகரத்தை இழுத்து மூடி அதன்மேல் உட்கார்ந்தேன்.

முதலில் சிரித்தார், பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்திருப்பார். பிறகு தட்டினார். பிறகு மூச்சு முட்டுகிறது என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"அஞ்சு நிமிசம்தான், டீச்சர். பாதுகாப்பான இடம்," என்றேன்.

என் குரல் தெரிந்ததும் அழத் தொடங்கினார். அந்த அழுகை எனக்கு இனித்தது. இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

நாலாவது நிமிடம் நிமிர்ந்து பார்த்தால் மகள் முன்னால் நிற்கிறாள். முகத்தைப் பார்த்ததுமே என்ன வரப்போகிறது என்று தெரிந்தது. நான் எழும்பியிருக்கலாம். எழும்பவில்லை. அவள் வாளியை எறிந்துவிட்டு என்மேல் பாய்ந்தாள். தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், முழங்கையைக் கடித்தாள், என்னைச் சேற்றில் தள்ளினாள். தகரத்தை இழுத்து வீசினாள். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குழிக்குள் இறங்கினாள்.

"பயப்பிடாதீங்கோ டீச்சர், நான் வந்திட்டன்," என்று அவள் சொன்னது கேட்டது.

நான் ஒரு மாதம் கெஞ்சியும் வைக்காத காலை அவருக்காக ஒரு நொடியில் வைத்துவிட்டாள்.

அடுத்த ஷெல் சத்தத்துக்கு எங்கள் வீட்டுப் பங்கருக்குள் அவள்தான் முதலில் இறங்கினாள். பின்னால் நான் இறங்கி, வாசலோடு உட்காரப் போனேன். என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"அப்பா வாசல்ல இருக்கட்டும். நீங்கள் மூடிப்போடுவீங்கள். உள்ளுக்குப் போங்கோ, அம்மா."

நான் போய் உள்மூலையில் உட்கார்ந்தேன். சண்டை முடியும்வரை அதுதான் என் இடம். அந்தப் பழியையும் டீச்சரின் தலையில்தான் போட்டிருக்கிறேன்.