நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

அச்சங்குளத்துக்கு மேற்கே ஒன்றரை மைல் கரிசல் பாதையில் போனால் செல்வலட்சுமியின் ஊர். வெயில் காலத்தில் அந்தப் பாதையில் லாரியே போகும். ஐப்பசியில் ஒரு மழை விழட்டும், அப்புறம் தெரியும் கரிசலின் குணம். செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். சைக்கிள் சக்கரத்தைச் சுற்றவிடாது. பட்டாசுக் கம்பெனி வேன் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே நின்று ஹாரன் அடிக்கும். டிரைவர் புகழேந்தி அஞ்சு நிமிஷம் பார்ப்பார், கிளம்பிவிடுவார். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடந்து போய்ச் சேரும்போது கம்பெனி கேட் சாத்தியிருக்கும். எட்டு மணிக்குச் சாத்தினால் சாத்தியதுதான். அன்றைய சம்பளம் போச்சு.

போன மழைக்காலத்தில் செல்வலட்சுமிக்கு அப்படிப் பதினோரு நாள் போயிற்று. பதினோராவது நாள் முழங்கால் வரைக்கும் சேற்றோடு கேட் முன்னால் நின்றபோது, காவலாளி ஆட்டை விரட்டுகிற மாதிரி கையை வீசி, "போங்க, வீட்டுக்குப் போங்க" என்றான். மற்றவர்கள் திரும்பி நடந்தார்கள். செல்வலட்சுமிக்கு உச்சி மண்டை கொதித்தது.

"அடுத்த மழைக்கு இதே கேட்டுக்கு நாங்க எங்க சொந்த வண்டியில வந்து எறங்குவோம். அப்ப இந்தக் கைய வீசிப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது ஏழெட்டுப் பேர் காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. அதுதான் வினை. வாயை விட்டுவிட்டு அதை விழுங்குகிற பழக்கம் அவள் பிறந்ததிலிருந்தே கிடையாது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. இருபது வருஷமாகக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுகிறாள். வெடிக்கு மேலே இருக்கிற கெட்டியான ஓடு இருக்கிறதே, அது அவள் கை வேலை. பழுப்புக் காகிதத்தில் மைதாப் பசையை இழுகிச் சுருட்டி வைத்தால், காய்ந்தபின் கல்லாகிவிடும். நாலு வருஷம் முன்னால் சாத்தூரில் வண்டி ஓட்டப் படித்து லைசென்ஸும் எடுத்தாள். புருஷன் பாண்டி மினி லாரி டிரைவர். ரிவர்ஸ் எடுப்பதில் தன்னைவிட அவள் சுத்தம் என்று அவனே ஒத்துக்கொள்வான், பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்றால்.

லோடு ஆட்டோவிலிருந்து பழைய வேன் வரை விசாரித்தாள். எல்லாமே கரிசலில் மாட்டும். சாத்தூர் மெக்கானிக் ஊர்க்காவலன்தான் ஒரு நாள் டீக்கடையில் வைத்துச் சொன்னார்.

"தங்கச்சி, ஒனக்கு வேண்டியது நாலு சக்கரமும் இழுக்குற ஜீப்பு. சாதா வண்டியில பின் சக்கரம் மட்டுந்தான் தள்ளும். இது முன்னால இருந்தும் இழுக்கும். காரியாபட்டிப் பக்கம் ஒண்ணு ஏழு வருசமா சும்மா நிக்கி. அடிமட்ட வெலைக்கு வரும். ஆனா முழுசா அவுத்துப் பூட்டணும். துணிஞ்சா வாங்கு."

துணிவதற்கு என்ன, வாய் இருக்கிறது. ஆனால் கையில் இருந்தது ஒரே காசுதான். சமையல்கட்டுக்குத் தளம் போடுவதற்காக மூணு வருஷம் தீபாவளி போனஸைத் தொடாமல் வைத்திருந்தாள். அது போனால் இன்னொரு மூணு வருஷம் தகரத்துக்குக் கீழேதான் சோறாக்க வேண்டும். வண்டியும் சொதப்பிவிட்டால் தளமும் இல்லை, வண்டியும் இல்லை, ஊரில் தலை நிமிரவும் முடியாது.

புகழேந்தி காதுக்கு விஷயம் போனதும் வேனில் வைத்தே ஆரம்பித்தார். "ஏத்தா செல்வி, காயலான் கடைக்குப் போற சாமான வாங்கி, நடுவீட்டுல வச்சு சூடம் காட்டப் போறியாமே?" வேனே சிரித்தது. முருகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளும் பதினோரு நாள் திரும்பி நடந்தவள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வலட்சுமி, பாண்டி, ஊர்க்காவலன் மூன்று பேரும் காரியாபட்டிக்குப் போனார்கள். வண்டியின் சொந்தக்காரர் கோட்டைச்சாமி பெரிய சம்சாரி. கிணற்றடி, மோட்டார் ரூம், அதற்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை, அதற்குள் ஜீப். கறுப்புப் பெயிண்ட் புதுசாக அடித்திருந்தது. தரையில் புது ரப்பர் விரிப்பு. டயர் நாலிலும் ரப்பர் விரிசல் விட்டிருந்தது. ஆனாலும் அது நின்ற நிற்பு இருக்கிறதே, செல்வலட்சுமிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பிடித்தது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோட்டைச்சாமி பேச்செல்லாம் பாண்டியிடம்தான். "இந்தா பாருப்பா, எங்க அப்பாரு ஆண்ட வண்டி. கண்மாய்க்குள்ள எறக்கி ஏத்துவாரு. பேப்பரெல்லாம் உசுரோட இருக்கு. ஒனக்கு என்ன சோலிக்கு?"

"வாங்குறது நாந்தான் அய்யா" என்றாள் செல்வலட்சுமி.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் பாண்டியிடமே திரும்பினார். "மதுரப் பார்ட்டி ஒருத்தன் நாளைக்கு வாரேன்னுருக்கான். வேணும்னா இன்னைக்கே முடிச்சுக்கோ. நாளைக்கு வந்து நின்னா நான் பொறுப்பில்ல."

ஊர்க்காவலன் கொண்டுவந்த பேட்டரியை மாட்டி, டீசல் ஊற்றி, அரை மணி நேரம் என்னென்னவோ திருகினார். ரெண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. மெல்ல வெளியே எடுத்து, வாய்க்கால் சேற்றில் இறக்கி, உள்ளே இருந்த சின்ன லிவரைத் தள்ளினார். முன் சக்கரம் சேற்றைக் கவ்வி வண்டியை வரப்பில் ஏற்றியது. ஊர்க்காவலனுக்கு வாயெல்லாம் பல். "மாப்ள, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று பாண்டியிடம் சொன்னார்.

பாண்டி மனைவி முகத்தைப் பார்த்தான். "என்ன புள்ள, சரிதானா?"

மூணு வருஷத்துக் காசு செல்வலட்சுமி மடியில் கனக்கிறது. ஆசை ஒரு பக்கம் பிடித்துத் தள்ளுகிறது. யோசித்துக்கொண்டே கொட்டகை வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். கண்ணில் பட்டது ஒரு எறும்புச் சாரை. வேப்பமரத்து அடியிலிருந்து கிளம்பி, கொட்டகையில் வண்டி நின்றிருந்த இடம் வரைக்கும் வந்து, அங்கே போக்கிடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. வண்டியை வெளியே எடுத்துவிட்டார்களே, அதனால்தான் இந்தத் தவிப்பு. எழுந்து வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ரப்பர் விரிப்பின் ஓரத்தில் பத்திருபது எறும்பு மாட்டிக்கொண்டு அலைந்தது.

இரும்பில் எறும்புக்கு என்ன விருந்து?

விரிப்பைத் தூக்கினாள். கறுப்புப் பெயிண்ட் அடித்த தரை, பளபளவென்றுதான் இருந்தது. விரல் முட்டியால் தட்டினாள். டிரைவர் பக்கம் தட்டினால் ணங்கென்றது. இந்தப் பக்கம் தட்டினால் டொக்கென்றது. அந்த டொக்கை அவளுக்குத் தெரியாதா? இருபது வருஷமாக நாளெல்லாம் கேட்கிற சத்தமாயிற்றே! காய்ந்த குழாயைத் தட்டிப் பார்த்தால் இதே சத்தம்தான் வரும். நகத்தை ஓரத்தில் கொடுத்துக் கிளப்பினாள். பெயிண்ட்டோடு சேர்ந்து பழுப்புக் காகிதம் தோல் தோலாக உரிந்து வந்தது. எட்டு மடிப்பு. கீழே சுளகு அகலத்துக்கு ஓட்டை, ஓட்டை வழியே வரப்புப் புல் தெரிந்தது.

"ஆத்தாடி!" என்றார் ஊர்க்காவலன். எஞ்சினைப் பார்த்த மயக்கத்தில் அவர் தரையைப் பார்க்கவே இல்லை.

கோட்டைச்சாமிக்கு முகம் செத்துப்போயிற்று. அவருக்கு நிஜமாகவே தெரியாது. "ஏலே தருணு! இங்கன வாலே!" என்று போட்ட சத்தத்தில் கிணற்றடிக் கொக்கு பறந்தது. மகன் தருண்குமார் வந்தான். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறவன். ஓட்டையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அச்சகத்தில் கிடந்த பழுப்புக் காகிதத்தைக் கொண்டுவந்து, தானே பசை காய்ச்சி, தானே ஒட்டியிருக்கிறான். மதுரைக்காரன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

செல்வலட்சுமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு.

"பசையில துத்தம் போட்டீகளா தம்பி?"

"துத்தமா?"

"மயில்துத்தம். பசை காய்ச்சையில ஒரு சிட்டிகை போடணும். அது வெசம். அது இல்லாட்டி மைதா மாவு எறும்புக்கும் கரப்பானுக்கும் பலகாரம். எங்க கம்பெனியில நேத்து வேலைக்குச் சேந்த புள்ளைக்கும் இது தெரியும். ஒட்டுனது என்னமோ சுத்தமாத்தான் ஒட்டிருக்கீக."

தருண்குமார் அந்த இடத்தில் நிற்கவில்லை.

"கெளம்பு புள்ள" என்றான் பாண்டி. "ஒரு எடத்துல ஏமாத்துனவுக எத்தன எடத்துல ஏமாத்துனாகளோ. நமக்கு வேண்டாம்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அப்போதே பஸ் ஏறியிருப்பார்கள். ஆனால் செல்வலட்சுமி மனசுக்குள் வேறொன்று ஓடியது. மறைத்தது காகிதத்தை வைத்து. காகிதம் எது, இரும்பு எது என்று தட்டிச் சொல்ல இந்த ஜில்லாவில் தன்னைவிட யாருக்குத் தெரியும்? முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். பானட்டில் ஆரம்பித்து வால் வரைக்கும் ஒரு அங்குலம் விடாமல் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். பின் சக்கரத்து மேலே ஒரு டொக். இடது கதவுக்கு அடியில் ஒரு டொக். மற்றதெல்லாம் ணங். ஊர்க்காவலனை வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லி, வண்டியின் முதுகெலும்பாகிய அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டச் சொன்னாள். நாலு பக்கமும் கோயில் மணி கணக்காகப் பேசியது.

தட்டி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. விரல் முட்டி சிவந்து வீங்கிப்போனது.

"மூணு எடத்துல பொத்தல்" என்றாள் எழுந்து நின்று. "மூணுக்கும் தகடு வச்சு வெல்டிங் அடிச்சா முடிஞ்சது. எஞ்சின் நல்லாருக்கு. சட்டம் நல்லாருக்கு. இனிமே இந்த வண்டியில எனக்குத் தெரியாம ஒண்ணும் இல்ல."

"நீயே ஒரு வெலையச் சொல்லுப்பா" என்றார் கோட்டைச்சாமி, அவமானத்தில் குரல் இறங்கிப்போய். அப்போதும் பாண்டியிடம்தான் சொன்னார்.

"அய்யா, வெலை நான் சொல்றேன். தகட்டுக்கும் கூலிக்கும் எம்புட்டு ஆகுமோ அம்புட்ட மட்டும் கழிச்சுக்கிருவோம். ஒங்க அவமானத்த வச்சு நான் காசு பாக்க மாட்டேன். ஆனா இனி வண்டியப் பத்திப் பேசணும்னா எம் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

கோட்டைச்சாமி முழுசாக அவள் பக்கம் திரும்பினார். "சரித்தா" என்றார். "மோட்டார் ரூம்ல பழைய சாமான் ரெண்டு பெட்டி கெடக்கு, இழுவைச் சங்கிலி ஒண்ணு இருக்கு. எல்லாம் இந்த வண்டியோடதுதான். அதையும் நீயே எடுத்துக்கோ."

அப்புறம் எட்டு மாதம் செல்வலட்சுமி வீட்டு ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கிரீஸ் நாற்றம்தான். ஊர்க்காவலன் எஞ்சினை இறக்கி ஏற்றினார். தகடு மூன்று இடத்தில் ஏறியது. பிரேக் குழாய் புதுசு, டயர் புதுசு. இருக்கைக்குப் பாண்டி ரெக்சின் தைத்துப் போட்டான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை விளக்குச் சரியில்லை, ரெண்டாவது தடவை புகை கூடுதல். மூன்றாவது தடவை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பெயிண்ட்டுக்குப் பாண்டி பச்சை என்றான், ஊர்க்காவலன் வெள்ளை என்றார். செல்வலட்சுமி நீலம் அடித்தாள். தகரக் கூரை ஒழுகியது, ஒழுகட்டும் என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சீசன் உச்சத்தில், ஒரு நாள் போனாலும் வலிக்கிற நேரம். காலையில் ஊரே கறுப்புக் குழம்பாகக் கிடந்தது. ஏழு மணிக்கு நீல ஜீப் தெருவில் நின்றது. முருகம்மாளும் மற்ற ஆறு பேரும் தூக்குச்சட்டியோடு ஏறினார்கள். செல்வலட்சுமி சின்ன லிவரைத் தள்ளினாள். ஜீப் முக்கியது, முனகியது, ஒரு பக்கமாகச் சரிந்தது, உள்ளே இருந்தவர்கள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்கள். ஆனால் நிற்கவில்லை. ஒன்றரை மைலையும் தின்று முடித்து மெயின் ரோட்டில் ஏறியபோது ஏழு பேரும் குலவை போட்டார்கள்.

குலவை பாதியில் நின்றது. எதிரே கம்பெனி வேன். திருப்பப் போய் ரோட்டைவிட்டு இறங்கி, பின் சக்கரம் ரெண்டும் கரிசலில் அச்சு வரை புதைந்திருந்தது. உள்ளே பக்கத்து ஊர்ப் பெண்கள் பதினெட்டுப் பேர், மணியைப் பார்த்துக்கொண்டு. வெளியே புகழேந்தி, வேட்டியெல்லாம் சேறு. மணி ஏழு முப்பத்தெட்டு.

அவர் ஜீப்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "செல்வி, சங்கிலி எதுவும் வச்சிருக்கியாத்தா?" என்றார்.

செல்வலட்சுமி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டிக்கொண்டிருந்தால் கேட் சாத்திவிடும். சங்கிலியை மாட்டினார்கள். வேனில் இருந்தவர்களை இறக்கினார்கள். கிளட்சை மெல்ல விட்டாள். சங்கிலி விறைத்தது. நாலு சக்கரமும் தார் ரோட்டில் பிடித்து அழுந்தின. ஒரு நிமிஷம் ரெண்டு வண்டியும் அசையவே இல்லை. அப்புறம் கரிசல் சளக்கென்று ஒரு சத்தத்தோடு வாயைத் திறந்து வேனைத் துப்பியது.

ஜீப் முன்னால், வேன் பின்னால். கேட்டுக்கு வந்தபோது மணி ஏழு ஐம்பத்தாறு. காவலாளி சாத்துவதற்குக் கதவில் கை வைத்திருந்தான். நீல வண்டியையும் அதிலிருந்து இறங்குகிறவர்களையும் பார்த்துக் கதவை அகலமாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். இருபத்தாறு பேரும் உள்ளே போனார்கள். ஒருத்திக்கும் அன்றைக்குச் சம்பளம் போகவில்லை. வெளியே பூவரச மரத்தடியில் ஜீப்பை நிறுத்திப் பூட்டும்போது செல்வலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவும் வெட்கப்படவில்லை.

புகழேந்தி பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார். "சாயங்காலம் நீ முன்னால போத்தா. நான் ஒன் பின்னாலயே வந்துருதேன்."

"வாங்க அண்ணே, தாராளமா வாங்க" என்றாள் செல்வலட்சுமி. "கொஞ்சம் தள்ளியே வாங்க. சேறு தெறிக்கும்."